தண்ணி தொடங்குமிடம்

மூன்று முறை ஏணையை நிறுத்திப் பார்த்தேன்,
மூன்று முறையும் கண் திறந்தான்.
நான்காம் முறை
என் கைதான் முதலில் உறங்கியது.
ஏழு மாதத்து ஆள்.
ஒரு கண்ணை மூட
ஒரு வீட்டையே வேலை வாங்குவான்.

அடுப்பில் பருப்பு.
வாளியில் ஊறும் துணி.
முற்றத்தில் சத்தமில்லை.

சத்தமில்லை என்பது
எங்கள் வீட்டில் ஒரு செய்தி.

"மிதுசா!"

நேற்றுத் தண்ணீர்த் தாங்கிக்கு மேல் நின்று
"அம்மா, இஞ்சையிருந்து பாத்தா நீங்கள் கட்டை" என்றவள்.
போன கிழமை
லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஒளிந்து
ஒட்டுசுட்டான் சந்திவரை போய் வந்தவள்.
நெல் இறக்கும்போது
மூட்டை தும்மியது என்றார் தகப்பன்.

வீட்டில் காணாமல் போனவை:
அவருடைய மழைச் சப்பாத்து,
சோறு கிண்டும் அகப்பை,
லெமன்பவ் அரைப் பைக்கற்,
ஏணையில் கிடப்பவனின்
இடது கால் சொக்ஸ்.

தூங்கியவனைத் தூக்கி
இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிரித்தான்.
இவ்வளவு நேரமும்
இதைத்தான் கேட்டு அழுதானாம்.

வேலிக்கு மேலால் பவளராணி அக்கா:
"வாய்க்கால் பக்கம் ஒரு சோடி சப்பாத்து போனது.
உள்ளுக்கை பிள்ளை இருந்ததோ தெரியேல்லை."

வாய்க்காலில் முழங்காலளவு தண்ணி.
யாருடைய முழங்கால்?
காட்டோரம்
மண்டையோட்டுப் பலகையைப் பிடுங்கிப்போய்
வருசம் பத்தாகுது.
பலகை நின்ற இடத்தை
என் கால் இன்னும் சுற்றித்தான் போகிறது.
அவள் நேராகப் போயிருக்கிறாள்.
சேற்றில் அகலமான அடையாளம்,
ஒரு பெரிய மனுசனின் நடை,
ஆனால் அடிக்கு அடி
ஒரு சாண்கூட இல்லை.

இரண்டாவது துருசடியில் கண்டேன்.
அகப்பையில் சொக்ஸைக் கட்டிக்
கொடி நட்டிருந்தாள்.

பேசக் கொண்டுவந்த ஏச்செல்லாம்
வாய்வரை வந்துவிட்டது.
என்னைக் கண்ட சந்தோசத்தில் ஓடிவந்தாள்,
சப்பாத்து நின்றது, பிள்ளை விழுந்தாள்.
முழங்கால் கிழிந்து
ஓவென்று அவள் அழத் தொடங்க
என் சட்டை நனைந்தது.

பால்.

பால் குடி மறந்து மூன்று வருசமான பிள்ளையின்
அழுகைக்கு.
இடுப்பில் இருந்தவன் அக்கறையாய்ப் பார்த்தான்,
தன் சாமான் வேறு யாருக்கோ போவதுபோல.

வாய்க்கால் தண்ணியில் காயத்தைக் கழுவினேன்.
"எங்கையடி வெளிக்கிட்டனீ?"
"தண்ணி எங்கை தொடங்குது எண்டு பாக்க."
"முத்தையன்கட்டுக் குளத்திலை."
"அது எனக்குத் தெரியும்.
குளத்துக்கு?"

ஒன்பது வயதில் வந்தேன் இந்த ஊருக்கு.
இந்தத் தண்ணியில் குளித்து, தோய்த்து,
வயல் விதைத்து, பிள்ளைக்கு ஊற்றி,
குளத்தின் அந்தப் பக்கம் என்ன என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
"பெரிய ஆக்கள் எல்லாரிட்டையும் கேட்டனான்,"
என்றாள் மூக்கை உறிஞ்சி,
"எல்லாரும் குளத்திலை நிப்பாட்டீனம்."

சொக்ஸ் எதற்கென்று கேட்டேன்.
தம்பி பிறகு வருவானாம்.
பாதை தெரிய வேண்டுமாம்.
ஒரு லெமன்பவ் மிச்சம் வைத்திருந்தாள்,
பல் இல்லாதவனுக்கு.

சப்பாத்து என் கையில்,
இவன் இடுப்பில்,
அவள் வெறுங்காலோடு முன்னால், கொடி பிடித்து.
எங்கள் படலைக்கு முன்பே
கருகிய பருப்பு எங்களை வரவேற்றது.

இரவு, கிறீஸ் கையைக் கழுவியபடி
"இண்டைக்கு என்ன புதினம்?" என்றார்.
"பருப்பு அடிப்பிடிச்சது."

ஏணைக் கயிற்றில் ஒரு கை.
மற்றக் கையால் சப்பாத்தைக் கவிழ்த்தேன்.
சேறு, ஒரு நத்தை,
நத்தைக்குத் துணையாக இன்னொரு நத்தை.

"ஞாயிற்றுக்கிழமை
லான்ட்மாஸ்ரர் சும்மாதானே நிக்கும்?"
என்று கேட்டேன்.