யாரும் தவறவில்லை

போஸ்டர் என்றதும்
செவ்வாய்ப்பேட்டை ஸ்கிரீன் பிரிண்டிங் தீர்த்தகிரி
ஸ்டூலைத் துடைத்து இழுத்துப் போட்டு
குரலை ஒரு படி இறக்கிக்கொண்டார்.
"எப்ப தவறுனாங்க?"

யாரும் தவறவில்லை என்றேன்.
"அப்ப சீரா? காதுகுத்தா?"
இல்லை.
"பதவி ஏதும் வந்திருக்குதா மேடம்?"
எல்.ஐ.சி.யில் அதே மேசைதான், பதினாறு வருடமாக.
அவர் தலைக்கு மேல் கொடியில்
ஏதோ ஜவுளிக்கடையின் மஞ்சள் பைகள்
'நல்வரவு' தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன.

போனை நீட்டினேன்.
தள்ளுவண்டி முன்னால் நான்.
ஒரு கையில் தட்டுவடை செட்,
வாய் நிறைய இன்னொன்று,
சிரிப்பை மூடப் புறப்பட்ட மறுகை
பாதி வழியில் நிற்கிறது.
தோளில் வேறொரு கை.
அந்தக் கைக்கு மேலே ஆள் இல்லை.
வெட்டியது நான்தான்,
குடும்ப நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து,
கட்டைவிரலால்.

"மூணு கலருக்கு மேல வேணாம். செலவு ஏறிடும்."
பீட்ரூட் சிவப்பு. சட்னிப் பச்சை. கறுப்பு.
என் நிறத்துக்கு என்ன செய்வீர்கள்?
"அதைப் பேப்பரே பாத்துக்கும்.
பழுப்புத் தாள் போடறேன்."
தோளில் இருக்கும் கைக்கு?
"அதுக்கும் அதே பேப்பர்தான் மேடம்."

கம்ப்யூட்டரில் என்னைப் புள்ளி புள்ளியாகப் பிரித்தார்.
கிட்டப் போனால் என் முகம்
கேழ்வரகு கொட்டிக் கிடப்பது போல் இருந்தது.
இரண்டடி தள்ளி நின்றதும் மறுபடி சிரித்தது.

"இந்தக் கை இருக்கட்டுமா?"

எடுக்கச் சொல்லத்தான் வந்திருந்தேன்.
"எடுத்தா தோள்ல கை அளவுக்கு ஓட்டை விழும்.
சுடிதார் பச்சையை வச்சு அடைச்சிரலாம்.
இருநூறு ரூபா ஆகும்."
இருநூறு ரூபாய்.
வக்கீலுக்குக் கொடுத்ததை ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

"இருக்கட்டும். வாட்சை மட்டும் எடுத்துருங்க."
"ஏன்?"
"அது என்னைக்குமே லேட்டு."

வியாழக்கிழமை என்றார். சனிக்கிழமையும் முடியவில்லை.
திங்கள் மாலை பர்மிஷன் போட்டுவிட்டுப் போனபோது
ஃப்ரேமைக் குழாயடியில் சாய்த்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.
வெளிச்சம் பட்ட இடம் இறுகிடும்,
படாத இடம்தான் கரையும்,
மை இறங்குறது அங்கதான் என்றார்,
பஞ்சர் ஒட்டுகிறவர் ஓட்டையைக் காட்டுகிற தோரணையில்.
முதலில் கரைந்தது என் தலைமுடி.

பச்சையை இழுத்தார். வெறும் பாசி.
அதன்மேல் சிவப்பு. யாரோ துப்பிய வெற்றிலை.
இருநூறு மிச்சம் பிடித்தது தப்போ என்று நினைத்தேன்.
டீ வந்தது, குடித்தோம், காய்ந்தது.
கறுப்பை இழுத்துச் சட்டத்தைத் தூக்கியதும்
நான்,
வாய் நிறைய.

ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் ஸ்கிரீன் கூலி ஒன்றுதானாம்.
பன்னிரண்டில் நிறுத்தினேன்.
மஞ்சள் பைகளுக்கு நடுவே
கிளிப் மாட்டிய பன்னிரண்டு நான், வெறும் மணிக்கட்டோடு பன்னிரண்டு கை.
பக்கத்து வெள்ளிப் பட்டறைப் பையன் எட்டிப் பார்த்து
கொலுசு அரம் பிடித்த கையோடு
முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான்.
"உசுரோடதான் இருக்காங்கடா" என்று
தீர்த்தகிரி என்னைக் காட்டினார்.
பையனுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆட்டோவில் சுருளைக் குழந்தையைப் போல் நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.
டர்பன்டைன் வாடை முன்சீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.
"எலெக்‌ஷனா மேடம்?"
ஆமாம் என்றேன். ஏன் சொன்னேனோ.
"எந்த வார்டு?"
அழகாபுரம், மூணாவது மாடி, ஹால் சுவரு.
அவர் சிரிக்கவில்லை.
நாலு ரோடு சிக்னலில் நின்று, திரும்பி,
அக்கறையாகவே கேட்டார்: "சின்னம்?"

ஒன்றை உருவி விரித்துக் காட்டினேன்.
தோளைப் பார்த்தார். "கையா?"
இல்லைங்க, தட்டுவடை.
கை பழைய கூட்டணி.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எந்தக் கடைங்க இது,
வெங்காயம் இவ்ளோ போட்டிருக்கான்?"