வரம்புரை

பக்கத்துக்கு எண்பது ரூபாய்.
தம்புச் செட்டித் தெரு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் வக்கீல் கோதண்டபாணியின் அறை.
மின்விசிறி ஓடினால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் வியர்வை எழுத்தின் மேல் விழும்.

ஒரு எம்.பி. கொண்டுவரப்போகும் தனிநபர் மசோதாவாம்.
தொகுதியில் விநியோகிக்கத் தமிழில் வேண்டும்.
பதினோரு பக்கம்.
எல்லைக்கு வெளியே படை அனுப்பும் பிரதமர்
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
இரு அவைக்கும் எழுதித் தரவேண்டும்:
எங்கே, எதற்கு, எத்தனை பேர், எத்தனை நாள்.
அறுபது நாளுக்குள் அவைகள் இசையாவிட்டால்
படை திரும்பவேண்டும்.

‘இசைவு’ என்று போட்டிருந்தேன்.
அடித்துவிட்டு ‘ஒப்புதல்’ என்று எழுதினார் கோதண்டபாணி.
“இசைவுக்குத் தலையாட்டினாப் போதும்மா.
ஒப்புதலுக்குக் கை தூக்கணும்.”

இரண்டாம் பிரிவு, சொற்பொருள் விளக்கம்.
‘போர்’ என்பதில், என்ன பெயர் சூட்டப்பட்டாலும்,
பயிற்சி, உதவி, கண்காணிப்பு,
அமைதி காத்தல் ஆகியனவும் அடங்கும்.

அமைதி என்று தட்டச்சு செய்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
கீழே பஸ்காரன் பாரிமுனை பாரிமுனை என்று கத்திக்கொண்டிருந்தான்.

என் அண்ணன் சூசைநாதன், சிக்னல் பிரிவு,
அக்கரைக்குப் போனது அமைதிக்காகத்தான்.
அதற்காக எந்த அவையிலும்
ஒரு கை உயர்ந்ததாக நான் படித்ததில்லை.
ராயபுரம் வீட்டுக்கு வந்த காகிதத்திலும்
போர் என்ற சொல் இல்லை.
‘நடவடிக்கையின்போது’ என்றிருந்தது.
வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட அம்மா கேட்டாள்:
“நடவடிக்கை எடுக்கிற அளவுக்கு
அவன் என்னடி தப்பு பண்ணான்?”

அவன் போய் எழுபத்து மூன்றாம் நாள் அது.

மசோதாத் தாளின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன்.
எழுபத்து மூன்றில் அறுபது போக
பதிமூன்று.
பதிமூன்று நாள் வீட்டில் இருந்திருப்பான்.
நெத்திலி வறுக்கச் சொல்லியிருப்பான்.
கொரகொரக்கும் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத்
திருப்பி மாட்டத் தெரியாமல் முழித்திருப்பான்.
பதிமூன்றாம் நாள், என்னவோ ஒரு கிழமை,
முடி வெட்டிக்கொண்டு வந்து
எப்படி இருக்கு என்று கேட்டிருப்பான்.

பக்கத்தைப் புரட்டினேன்.

வரம்புரையாக:
படையினரின் பாதுகாப்புக்கு அவசியம் எனப் பிரதமர் கருதினால்
அவர்களைத் திருப்பியழைக்க மேலும் முப்பது நாள்
எடுத்துக்கொள்ளலாம்.

அறுபதும் முப்பதும் தொண்ணூறு.
பாதுகாப்புக்காகத்தான்.
எழுபத்து மூன்று அதற்குள் அடக்கம்.
சட்டம் இருந்திருந்தாலும்
சட்டப்படியே செத்திருப்பான்.

“சார், இந்த முப்பதை மூணுன்னு போட்டா என்ன?”
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.
“மொழிபெயர்ப்பாளருக்கு ஓட்டு கிடையாதும்மா.”

எண்ணால் 30, எழுத்தால் முப்பது,
இரண்டிலும் அடித்தேன்.
‘கருதினால்’ என்பதையும் அப்படியே விட்டேன்.
எதைத்தான் கருத மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்
தனிநபர் மசோதாக்களின் நேரம்,
உறுப்பினர்கள் பெட்டியோடு விமான நிலையம் கிளம்பும் நேரமும்.
ஒரு வெள்ளி, எண்ணிக்கை போதாமல் அவை கலைந்தது.
இன்னொன்று, யாரோ இறந்து, இரங்கலோடு கலைந்தது.
பிறகு அவையே கலைந்தது.
மசோதா காலாவதி.

தேர்தல் முடிந்து சித்திரையில்தான் காசு வந்தது.
எண்ணூற்று எண்பதுக்குத் தொள்ளாயிரம் நீட்டினார்.
என்னிடம் இருபது ரூபாய் சில்லறை இல்லை.
“இருக்கட்டும்” என்றார் கோதண்டபாணி,
“அடுத்த மசோதாவில் கழிச்சுக்கலாம்.”