முழுக்கு

விலை மதிப்பிடுவது என் வேலை.
ஈரமானி, ஏணி, படிவத்தோடு
நன்ட்கெரிக் போய்ச் சேர்ந்தபோது மழை.
வேல்ஸில் அதைக் குறித்துக்கொள்வது வீண்.
மலைச்சரிவில் முதுகு புதைத்த கட்டடம்.
கற்பலகைக் கூரையில் பதினேழு ஓட்டை.
முகப்புக் கல்லில் வெட்டியிருந்தது: சோவார்.
கட்டியது 1797. பெரிதாக்கியது 1841.
கீழே, மூன்றாவது தேதிக்கு
இடம் விட்டிருந்தார்கள்.

சாவி கொண்டுவந்தவர் ஹெவின் புரோத்தரோ,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சபையின் கடைசிச் செயலர்.
காய்கறிப் பையில் ஐந்து குறிப்பேடுகள்.
எனக்கு வெல்ஷ் தெரியாது.
வரிக்கு வரி விரல் ஓட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்,
நிறுத்தங்களை அறிவிப்பதுபோல.

முதல் முழுக்கு ஆற்றில், ஜனவரியில்.
பனிக்கட்டியைக் கடப்பாரையால் உடைத்தவன் கொல்லன்;
முதலில் இறங்கியவனும் அவனே.
பதினோரு பேர்.
கரையில் நின்று சிரித்தவர்கள் கணக்கில் இல்லை.
"ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை, கர்த்தருக்கு நன்றி."
அடுத்த வரி:
"சகோதரர் மோர்தெகாய் மார்ச்சில் அடக்கம்."

பிறகு பண்ணை முதலாளி ஆற்றுக்கு வேலி போட்டார்.
பாட்டுச் சத்தத்தில் மீன் கலைகிறதாம்.
ஆகவே பிரசங்கபீடத்தின் முன்னே
தரையைப் பெயர்த்துத் தோண்டினார்கள்.
ஆறடி ஆழத்தில் தானாக ஊற்று வந்தது,
அற்புதம் என்கிறது ஒரு கையெழுத்து.
ஒழுகுகிறது என்கிறது
மறு ஆண்டு, வேறொரு கையெழுத்து.

1868. திரைஃபீனா பெய்னன், பால்காரி,
பத்தொன்பது வயது, முழுகி எழுந்தாள்.
1871. சந்தையில் பிடில்காரனோடு ஆடினாள்.
கண்டவர்கள் மூவர்.
(மூவரும் அங்கே என்ன செய்தார்கள் என்று
எவரும் கேட்கவில்லை.)
பெயரின் மேல் ஒரே கோடு.
தலையை நீரில் முக்கி எடுத்த கைகளே
தலைமுழுகிவிட்டன அவளை.

அதன்பின் அவள் கணக்குப் புத்தகத்தில் மட்டும்.
விளக்கெண்ணெய், இரண்டு ஷில்லிங், தி.பெ.
துடைப்பம், தி.பெ.
ஜன்னல் கண்ணாடி ஒன்று, புயலுக்குப் பின், தி.பெ.
முப்பத்தெட்டு ஆண்டுகள்
பொருளாளர்கள் மாறினார்கள்.
காசை வாங்கிக்கொண்டார்கள்.
பெயரை முழுசாக எழுதத்தான்
எவருக்கும் மை போதவில்லை.

1911. தொட்டிக்கு வெந்நீர் கொதிகலன் வைக்கலாமா?
ஆறு கூட்டங்கள்.
யோர்தான் நதி சுட்டதா என்று கேட்டார் ஒருவர்.
யோர்தானில் இந்தக் குளிர் உண்டா என்றார் அவர் மனைவி;
பெண்கள் பேசியதாகப் பதிவாகியிருப்பது அந்த ஒரு முறைதான்.
ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு இருபத்தொன்பது.
தோற்ற இருபத்தொன்பது பேரும்
சாலையோரம் தகரத்தில் வேறு சபை கட்டினார்கள்,
பச்சைத் தண்ணீரோடு.
இப்போது அங்கே டயர் விற்கிறார்கள்.

பிறகு வந்த ஏடுகள் மெலிந்தவை.
சுரங்கம் மூடிய ஆண்டில் பக்கமே புரளவில்லை.
கடைசித் தீர்மானம்: மூடுவது.
ஆதரவு நான்கு, எதிர்ப்பு இல்லை.
கை தூக்காதவர் ஒருவர்: திருமதி லெட்டிஸ்.
இரு கையிலும் தேநீர்க் கெண்டி.

சுவரில் ஈரமானி வைத்தேன். முள் கடைசிக்கு ஓடியது.
எங்கிருந்து என்றேன்.
ஹெவின் கம்பளத்தைச் சுருட்டினார்.
இருவருமாகப் பலகையைத் தூக்கினோம்.
தொட்டியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர்.
கட்டணம் கட்டாமல் குழாயை அடைத்துப் பன்னிரண்டு ஆண்டு.
கலங்கவே இல்லை. அடிக்கல்லில்
உளியின் தடம் தெரிந்தது.

"நான் உறுப்பினனே இல்லை, தெரியுமா?" என்றார்.
"வாரம் தவறாமல் வந்து உட்கார்பவன், அவ்வளவுதான்.
ஆள் இல்லாததால் பேனாவை என்னிடம் தந்தார்கள்.
முழுகச் சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்கு.
சின்ன வயதிலிருந்தே
தண்ணீர் என்றால் எனக்குப் பயம்."

மண்டியிட்டார். முழங்கால் எலும்பு சொடுக்கியது.
மணிக்கட்டு வரை கையை விட்டார்.
எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை,
கூரையை அளப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.
கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
"குளிர்" என்றார்,
புகார் சொல்லும் குரலில் அல்ல.

வாங்கப்போகிறவர்கள் இங்கே சமையலறை கேட்கிறார்கள்.
படிவத்தில் எழுதினேன்:
ஈரம், தரையிலிருந்து.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பிறகு, சுருக்கமாக,
தி.பெ. என்று போட்டேன்.
அலுவலகத்தில் இதுவரை யாரும்
விளக்கம் கேட்கவில்லை.