குட்டை நூல் மேலே

பெட்டிக்குள் என்ன என்று எனக்குத் தெரியும்.
யாருடையது என்று தெரியாது.
ஒரு எண், ஒரு கோட்டு முத்திரை, அவ்வளவுதான் பெயர்.
ஓல்டன் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்ப் பாதையில்
சுடுதண்ணிக் குழாய்களுக்குக் கீழே
நான் ஓடக்கூடாது.
நிற்கவும் கூடாது.

மேலே இரண்டாம் மாடியில்
ஒரு பெண்ணை இன்னும் தைக்காமல் வைத்திருக்கிறார்கள்.
இந்த இருபத்தைந்து நிமிடம்
அவளுடைய வாழ்க்கையிலேயே இல்லை.
எனக்கும் டொக்டர் எக்லிக்கும்
சுவர் மணிக்கூட்டுக்கும்தான் உண்டு.

ஆய்வுகூடத்தில் மிர்யானா
முதலில் நூலைத் தேடுவாள்.
குட்டை நூல் மேலே. நீள நூல் அக்குள் பக்கம்.
உடம்பை விட்டு வந்த சதைக்கு
எது மேல், எது கீழ் என்று நூல்தான் சொல்ல வேண்டும்.
பிறகு மை. பக்கத்துக்கொரு நிறம்.
"நிறம் மாறினால் நல்ல இடத்தை வெட்டுவார்கள்"
என்று ஒருநாள் சொன்னாள்.
அன்றைக்கு அவள் கோப்பி குடிக்கவில்லை.

உறைய வைத்து, சீவி,
நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்ப்பார்கள்.
மையைப் புற்று தொட்டிருந்தால் இன்னும் எடுக்க வேண்டும்.
தொடாவிட்டால் போதும்.
ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும்
போதும் போதும்தான்.

ஐந்து வருடத்துக்கு முன், வேறு ஊரில்,
தவமலரைத் தைத்து, கட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.
நான் அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன்.
பன்னிரண்டாம் நாள் கடிதம்.
நாஹ்ரெசெக்ட்சியோன்.
அதன் தலையை எனக்குத் தெரியும்,
ரயில் நிலையத்தில் நாள் முழுக்கக் கேட்பது:
நாஹ் பேர்ன், நாஹ் லுட்சேர்ன், நாஹ் பாசல்.
எங்கேயோ போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து
ஊர்ப் பெயரைத் தேடினேன்.
அகராதியில் கீழே இன்னொரு பொருள் இருந்தது:
பிறகு.
பிறகும் வெட்டுதல்.

"திரும்பவுமோ?"
அவள் கேட்டது அவ்வளவுதான்.
பருப்பு அடிப்பிடித்து மணத்த பிறகுதான்
அடுப்பு எரிவது ஞாபகம் வந்தது.

இரண்டாவது தடவை எடுத்ததில் ஒன்றுமில்லை என்றார்கள்.
சந்தோசமான செய்தி.
வெட்டியது மட்டும் வெட்டியதுதான்.
இடப்பக்கச் சட்டைக்குள் மடித்து வைக்கிற துணியை
நான் காணாத மாதிரி இருப்பேன்,
நான் காணாத மாதிரி இருப்பதை
அவள் காணாத மாதிரி.

தொலைபேசி அடிக்கிறது.
மிர்யானா கதவால் தலையை நீட்டுகிறாள்:
நெஞ்சுக்குழிப் பக்கம், பச்சை, தொட்டிருக்கிறது.
மேலே போகிறேன்.
இன்னொரு பெட்டி. சின்னது.
கடலைப்பருப்பு இரண்டை ஒட்டி வைத்த அளவு.
திரும்பவும் குழாய்கள், திரும்பவும் நூல், மை.
இந்தத் தரம் தொடவில்லை.
மேலே ஊசியில் நூல் கோத்திருப்பார்கள்.

முழு அறிக்கை அடுத்த கிழமைதான் வரும்.
உறைந்த சீவலில் தப்பினது ஏதும் அதில் அகப்படலாம்,
அகப்படாமல் விடலாம்.
ஆனாலும் முன்பு பன்னிரண்டு நாள் எடுத்த கேள்வியை
அவள் கண் திறக்க முன்னமே
ஒருதரம் கேட்டுவிட்டார்கள்.

இரவு, புட்டுக்குக் குழம்பு விட்டபடி
என் மனுசி விசாரிப்பாள்,
கணக்கப்பிள்ளை மாதிரி:
"இண்டைக்கு எத்தினை பெட்டி?"
"மூண்டு. ஒண்டு ரெண்டுதரம்."
"லிப்டுக்கு எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"
"நாப்பது செக்கன் இருக்கும்."
அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் படியாலை போங்கோ."