சம்பவப் படிவம்

என்னைவிட ஆறு வயது இளையவள் சுகிர்தா.
அவளுக்கு இன்சார்ஜ் கொடுத்த அன்று
நான் வாழ்த்துச் சொல்லவில்லை.
கேன்டீனுக்குத் தனியாகப் போய்
இரண்டு மசால் வடை தின்றேன்.

பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரியில் திருப்பித் தருகிற பாறைமலைகள்
வேலூரைச் சுற்றி.
கத்திரியில் எங்கள் மூன்றாம் மாடி ஆண்கள் வார்டு
நள்ளிரவிலும் அடுப்பில் மறந்த சட்டி.
முப்பத்திரண்டு கட்டில். அன்று நாங்கள் இருவர்.
மூன்றாவதாக வரவேண்டிய பல்கிஸுக்குக் காய்ச்சல்.

பதினேழாம் கட்டில் தயாளன்,
பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர்,
காலில் ஆறாத புண்.
பத்து மணி ஊசி அவருக்குக் கலங்கல் மருந்து.
நான் போட்டது தெளிந்தது.
இரண்டும் ஒரே உயரம், ஒரே தட்டு.
ஃபிரிட்ஜுக்கு மேலே டியூப்லைட்
கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்று பத்துக்கு அவர் சட்டை நனைந்திருந்தது.
"தோல் ஊறப்போட்ட தொட்டியில விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றார்,
கண் எங்கோ இருக்க.
சர்க்கரை முப்பத்தெட்டு.
டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். குளுக்கோஸ் ஏற்றினோம்.
என் கை சிரிஞ்சைச் சரியாகப் பிடித்தது.
முழங்கால்தான் என்னுடையதாக இல்லை.

சுகிர்தாவுக்கு போன் பண்ணினேன்.
பண்ணாமலும் இருந்திருக்கலாம்.
ஒரு பொய்யை மடித்து வைக்க
விடியும்வரை நேரம் இருந்தது.

இருபது நிமிஷம்.
சத்துவாச்சாரியிலிருந்து ஸ்கூட்டியில்,
நைட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு,
ஒரு காலில் அவள் செருப்பு
மறு காலில் புருஷனுடையது.
தயாளன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு
"சாப்பிட்டீங்களா?" என்றாள்.
அவரைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
என்னை.

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் விரல்நுனி.
அறுபத்து நான்கு.
எண்பத்தொன்பது.
நடுவில் இருபத்திரண்டாம் கட்டில் வங்காளத்துக்காரர் முனக,
"கொத்தாய் ப்யதா?" என்று எங்கே வலி கேட்டாள்.
வலியோடு அவர் சிரித்தே விட்டார்,
அவ்வளவு மோசமான உச்சரிப்பு.
நூற்றுப் பன்னிரண்டு.

தங்கமானவள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
ஹேண்ட்ஓவரில் கத்துவாள்.
ரோஸ்டரை அழித்து அழித்து எழுதி
ஞாயிற்றுக்கிழமையில் எப்போதும் ஒரு ஓட்டை.

நாலரைக்குப் படிவத்தை எடுத்தாள்.
'யார்' கட்டத்தில் என் பெயரை நானே எழுதினேன்.
'ஏன்' கட்டத்தில் அவள் பேனா நின்றது.
"டியூப்லைட் எத்தனை நாளா இப்படி?"
"பன்னண்டு."
"யார்கிட்டச் சொன்னோம்?"
சொன்னீங்களா என்று கேட்கவில்லை.
கட்டம் பத்தாமல் பின்பக்கம் போனாள்:
முப்பத்திரண்டு பேருக்கு இருவர்.
இரண்டு மருந்துக்கு ஒரே தட்டு.
மாற்று ஆள் கேட்காதது என் பிழை.
அதன் கீழே அவள் கையெழுத்து,
கோழி கிளறியதுபோல்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவே இல்லை.
"தப்பு தப்புதாங்க்கா" என்றாள்.
அக்கா என்றது அதுதான் முதல் தரம்.

விடிந்ததும் தயாளனிடம் நடந்ததைச் சொன்னோம்.
நான் சொல்ல, அவள் பக்கத்தில் நிற்க.
அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம்,
"எங்க கம்பெனில சைஸ் மாறுனா
லைனையே நிறுத்திப் பாப்பாங்கம்மா" என்றார்.
கால் மேல் போர்வையை இழுத்துக்கொண்டார்.
மன்னித்தாரா, தெரியாது.

மறுவாரமும் எனக்கு நைட்.
தண்டனையா என்று கேட்டேவிட்டேன்.
பென்சிலைக் காதில் செருகியபடி சொன்னாள்:
"நீங்கன்னா போன் பண்ணுவீங்க.
நான் தூங்கலாம்."

டியூப்லைட் மாற்றிவிட்டார்கள்.
கலங்கல் மருந்துக்கு இப்போது தனி டப்பா,
சிவப்பு மூடி, அவள் வீட்டிலிருந்து வந்தது.
எத்தனை தரம் கழுவியும்
ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தால்
லேசாகப் பெருங்காயம்.