விளக்கு போடாத அட்டை

நான் இன்னும் விளக்கைப் போடவில்லை.
பெட்டிக்குள் அட்டை இருட்டாகத்தான் இருந்தது.
அதற்குள் தோக்தோசுன் ஆரம்பித்துவிட்டார்:
ஷா, பே.
எம், என், கா.
உ, எம், பே, ஷா...
பட்டாளத்தில் சேர்ந்த நாளில் படிந்த பாடம்.
நாரினில் ஐம்பதைத் தாண்டிய எந்த ஆணும்
தூக்கத்திலும் ஒப்பிப்பான்.
பத்தாவது வரிசையில் மூச்சு வாங்கி
"போதுமா, மகளே?" என்றார்.

போதும் என்றேன்.
பிறகுதான் ஸ்விட்சைத் தட்டினேன்.
அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது.

எழுத்தை விட்டு வளையங்களுக்குப் போனேன்.
வளையம் எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது?
மேலே, என்றார். கீழே. வலது. இல்லை, மேலே.
லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிறவர் போல.
நான்காவது வரிசையில் பேச்சு நின்றது.
தொடையில் இறங்கிய கைகள்
ஸ்டியரிங் பிடித்த வளைவிலேயே கிடந்தன.

வலது, பூஜ்யம் புள்ளி இரண்டு.
இடது, மூன்று.
குளிரில் என் பேனா எழுதாது.
உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து எழுதினேன்.
நேரம் கடத்தினேன் என்றும் சொல்லலாம்.

"ஒன்று என்று போடு.
தோலோன் கணவாய் என் கையில் இருக்கிறது.
ஒவ்வொரு வளைவும் முழங்கைக்குத் தெரியும்.
கண்ணெல்லாம் போலீஸ்காரனுக்குக் காட்டத்தான்."

ஏழு வருஷம்.
லென்ஸ் பார்சல் வாங்க மாதம் ஒரு தடவை பிஷ்கேக்.
அவர் முதுகுக்குப் பின்னால் என் இடம்.
பேச்சுக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன்.
முன்சீட்டில் யார் இருந்தாலும் கேட்பார்:
எதிரே வருவது லாரியா, தம்பி? என்ன நிறம்?
அங்கே நிற்பது ஆளா, குதிரையா?
சிரித்துக்கொண்டே பதில் சொல்வோம்.
ஒரு தடவை முன்சீட்டில் நான்.
குதிரை, என்றேன்.
வண்டி மெல்ல ஒதுங்கியது.

ஐம்பது தாண்டினால் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து:
டாக்டர் குல்பாரா சதாரொவ்னாவின் உத்தரவு,
சுவரில் ஒட்டியிருக்கிறது.
சொட்டுக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்,
வண்டி ஓட்டி வந்தீர்களா என்று.
அதுவும் ஒட்டியிருக்கிறது, அடியில், சிவப்பில்.

நான் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மினிபஸ்
இன்ஜின் அணையாமல் நின்றது.
கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து,
உள்ளே பதினைந்து பேர்.

தலையைச் சாய்க்கச் சொன்னேன்.
கீழிமையை இழுத்தேன்.
எரியும், என்றேன்.
நம்பி மேலே பார்த்தார்,
கூரையில் இல்லாத எதையோ.

இருபது நிமிஷத்தில் பாவை விரிந்தது.
ஒளிக்கீற்றில் தெரிந்தது புரை:
தேநீரில் பாலை ஊற்றி
யாரோ கலக்க மறந்திருந்தார்கள்.

பிறகு கதவைத் தட்டினார்கள்.
நாளைய கல்யாணத்துக்குக் கேக் பெட்டியோடு ஒருத்தி.
பரீட்சைக்குப் போகும் பையன்.
மாஸ்கோ விமானத்தைப் பிடிக்க வேண்டிய அண்ணன் தம்பி,
கொத்தனார்கள், ஒரே மாதிரி ஷூ.
ஆறு மணி நேரம் ஓட்டக் கூடாது, என்றேன்.
முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியதுதானே!
வேண்டியதுதான்.
என் பேரில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு
வேறு வண்டி தேடிப் போனார்கள்.
என் பேரில் எழுத்துப்பிழை இருந்தது.
புகாரில் இல்லை.

பனிவெளிச்சம் தாங்காமல்
தொப்பியை மூக்குவரை இறக்கி
நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.
"டீசல் வீணாகிறது," என்றார்.
"போய் அணைத்துவிட்டு வா."

அவர் இருக்கை இன்னும் சூடாக இருந்தது.
முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு நீண்ட விரிசல்.
ஏழு வருஷமாகப் பின்னாலிருந்து நான் பார்த்து வந்தது.
அவருக்குத் தெரியுமோ என்னவோ.
சாவியைத் திருப்பினேன்.
காலுக்கு பிரேக் எட்டவில்லை.