கோவா காளான்

கந்தப்பளைச் சந்தியில்
மருந்துக்கடைக்கும் விதைக்கடைக்கும் நடுவே
நீலத் தார்ப்பாய் கட்டிய தள்ளுவண்டி.
பலகையில் சிவப்பு எழுத்து:
கோவா காளான்.

கோவாவில் ஏது காளான், கடற்கரையாச்சே
என்று வேனுக்குள்ளிருந்து நினைத்தேன், முதல் நாள்.

நான் வந்தது தேயிலைத் தொழிற்சாலைக்கு.
கலர் சார்ட்டர் மெஷின், எங்கள் கம்பெனிச் சரக்கு,
கணபதியில் செய்து கப்பலேற்றியது.
தூளுக்குள் குச்சி கலந்தால்
கேமரா கண்டுபிடிக்கும், காற்று ஊதித் தள்ளும்.
பதினோரு நாளாய் அது
நல்ல தூளையும் சேர்த்தே ஊதித் தள்ளுகிறது.
ஏனென்று எனக்கும் தெரியவில்லை.

கெஸ்ட் ஹவுஸில் மூன்று வேளையும் சோறு,
பருப்பு, கிழங்கு, சம்பல்.
குறை சொன்னால் வாய் வேகும்.
ஆனாலும் மாலை ஆறரைக்கு
பனி இறங்கி ஜன்னலை அடைக்கும்போது
நாக்கு மட்டும் பஸ் பிடித்து
காந்திபுரம் போய்விடும்.

பன்னிரண்டாம் நாள் வேன் வரவில்லை. நடந்தேன்.
சந்தி வளைவில் சத்தம்.
கல்லில் கரண்டி:
டக டக டக, நிறுத்தம், டக.
கொத்து ரொட்டிக்கு இரண்டு தகடு, அது வேறு தாளம்.
இது எனக்குத் தெரியும்.
கால் முந்திக்கொண்டது.

ஏனுங்க, இது கோயமுத்தூர்க் காளானுங்களா?

கோவைன்னுதாங்க எழுதச் சொன்னேன்.
பெயிண்டர் கோவான்னு எழுதிட்டாரு.
திருத்த இன்னும் ஆயிரம் கேட்டாரு, விட்டுட்டேன்.

எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா?

இல்லீங்க. கட்டார்ல நாலு வருசம்.
மேல் கட்டில்ல மருதாசலம்னு ஒருத்தரு, சிங்காநல்லூர்.
வெள்ளிக்கிழமையானா ரூம்ல இதைச் செய்வாரு.
கிண்டக் கிண்ட அவரே திட்டுவாரு,
இது அது இல்ல, இது அது இல்லன்னு.

ஜெகதீஸுக்கு
அது எதுவென்று இன்றுவரை தெரியாது.

தட்டு வந்தது. பொரித்து நொறுக்கிய துண்டுகள்,
செங்கல் நிறத்தில் கொதிக்கும் மசாலா,
மேலே பச்சை வெங்காயம், மல்லித்தழை.
மிளகாய் நம்முடையதல்ல,
கொச்சிக்காய், காதுவரை ஏறுகிறது.
மற்றபடி,
மூன்றாவது வாயில்
கிராஸ்கட் ரோட்டுச் சிக்னல் பச்சையாகி
பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

ஜெகதீஸ் என் முகத்தையே பார்த்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
அண்ணே, ஊர்க்காரருக்குப் பொய் சொல்ல ஏலாது.
காளான் விலை கட்டாதுங்க.
முக்கால்வாசி கோவாதான்.

வண்டிக்குப் பின்னால் நிரோஷினியின் கத்தி நின்றது.
அவள் மடியருகே பாதி வெட்டிய முட்டைக்கோஸ்.
ஓ, அதுவா கோவா.
எதிர்ச் சரிவு முழுக்க அதுதான், வரிசை வரிசையாக,
தம்புள்ளை லொறிக்குக் காத்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு புரையேறியது.
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்:
எங்க ஊர்லயும் இதேதானுங்க.
காளான் சும்மா கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம்,
தலையைக் காட்டிட்டுப் போயிரும்.
தின்கிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும்.
பலகையில் மட்டும் யாரும் எழுதுவதில்லை.

ஜெகதீஸ் கரண்டியை வைத்தான்.
அங்க மருதாசலண்ணன்
டின் காளான் வாங்கிப் போடுவாருங்க. முழுசும் காளான்.
சம்பளம் வந்த வாரம் ரெண்டு டின்.

கொஞ்ச நேரம் மசாலா மட்டும் பேசியது.
முதலில் சிரித்தது நிரோஷினி.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.
அங்கே மணி நாலரை இருக்கும்.
ஜெகதீஸ் கையைத் துடைத்து போனை எடுத்து
வாயருகே பிடித்தான்:
அண்ணே, கோவா போடுங்க. கோவா.
பிறகு என்னைப் பார்த்து, சந்தேகத்தோடு,
முட்டைக்கோஸ், என்றும் சேர்த்தான்.

ஒற்றை டிக். சாம்பல் நிறம்.
மலையில் சிக்னல் அப்படித்தான்.

இன்னொரு தட்டு போடுங்க, என்றேன்,
அந்தக் காளானைப் பொறுக்கிட்டு.